கடலுக்கில்ல, கிச்சனுக்கு

சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு. அசையாமல் நிற்கிறது. பிறகு ஜன்னல் பக்கம் நகர்கிறது.

கவிழ்த்த பெயின்ட் டப்பாவின் மேல் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். பொட்டைக் கண்ணாலேயே துரத்துகிறார். டிசைனர் பெண்ணின் கையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவி. பொத்தானை அழுத்துகிறாள். பீப். "பத்து அடி ரெண்டரை இன்ச்," என்று டேப்லெட்டில் குறித்துக்கொள்கிறாள்.

வீட்டுக்காரன் இடுப்பிலிருந்து இரும்பு டேப்பை உருவுகிறான். ஒரு முனை மகளிடம். சிறுமி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு பிடிக்கிறாள். அவன் மறுமுனையில் குனிகிறான். பத்து அடி ரெண்டரை இன்ச். டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போகிறது. திருப்தியா ஏமாற்றமா, முகத்தில் தெரியவில்லை.

திருவொற்றியூர். ஐந்தாம் மாடி. விம்கோ நகர் மெட்ரோவுக்கு நடக்கும் தூரம். மெட்ரோ இங்கே வந்தது 2021 பிப்ரவரியில். வீட்டின் விளம்பரப் பிரசுரத்தில் வீட்டைவிட ரயில் பெரிதாக இருக்கிறது. விம்கோ என்பது பழைய தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். இந்த வட்டாரத்து ஃப்ளாட்டுகளைத் தீப்பெட்டி என்று புரோக்கர்கள் யாரும் சொல்வதில்லை.

பால்கனியிலிருந்து கடல் தெரிகிறது. கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன. கீழே எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. டிரைவர் ஒருவர் லாரிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்குகிறார்.

"ஓனர் சார்!" வாட்ச்மேன் கீழேயிருந்து கூப்பிடுகிறார். அவன் திரும்பித் தன் பின்னால் பார்க்கிறான். பின்னால் யாரும் இல்லை.

*

கிரானைட் போடாத கிச்சன் மேடையில் காகிதங்கள். காற்றுக்குப் பறக்காமலிருக்க மேலே ஒரு டைல்ஸ் துண்டு.

பிரசுரத்தில் 985 சதுர அடி. ஒப்பந்தத்தில் 640. அவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறான். 985-க்குள் லிஃப்ட் இருக்கிறது. படிக்கட்டு இருக்கிறது. வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட இடமும் இருக்கிறது. இதற்கு சூப்பர் பில்ட்-அப் என்று பெயர். 640 கார்ப்பெட் ஏரியா. அதன் வரையறை 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டத்தில் இருக்கிறது. வெளிச்சுவர் கணக்கில் வராது. பால்கனி வராது. குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட் வராது. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் வரும்.

"கார்ப்பெட் எங்கப்பா?" சிறுமி தரையைப் பார்க்கிறாள். வெறும் டைல்ஸ். மேலே சிமென்ட் கால்தடங்கள்.

அவனுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. அங்கே கன்டெய்னரை யாரும் கன்டெய்னர் என்பதில்லை. பெட்டி. இருபதடிப் பெட்டியின் தரை 20-க்கு 8. 160 சதுர அடி. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போடுகிறான். மனைவியிடம் நீட்டுகிறான்.

"நாலு பெட்டி."

அவள் கட்டங்களைப் பார்க்கிறாள். "985-க்கு?"

"ஆறு, கொஞ்சம் மேல."

"மிச்சம் ரெண்டு பொட்டி?"

அவன் வாசலைக் காட்டுகிறான். அங்கே லிஃப்ட் கதவு திறந்து, யாரும் இறங்காமல், மூடுகிறது.

பாட்டி பத்திரத்தின் ஒரு வரியில் விரல் வைத்திருக்கிறாள். படிக்கத் தெரியாது. மகள், வீட்டுக்காரி, படித்துச் சொன்ன இடம் அது. யுடிஎஸ். தமிழில், பிரிபடாத பாகம். 410 சதுர அடி மண் இந்தக் குடும்பத்துக்கு.

பாட்டி பால்கனிக்குப் போகிறாள். கம்பியைப் பிடித்துக் குனிகிறாள். கீழே கார் நிறுத்துமிடம், ஒரு தண்ணீர்த் தொட்டி மூடி, வாடிய துளசித்தொட்டி.

"நம்ம மண்ணு எந்தப் பக்கம்?"

யாரும் கை நீட்டுவதில்லை.

*

டேப்லெட்டில் வீடு.

ஹால் வெளிச்சமாக இருக்கிறது. சோபா இருக்கிறது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஏழு எலுமிச்சம்பழம். ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை. மலையில் பனி.

"இது ரெண்டர்," என்கிறாள் டிசைனர்.

அசல் ஜன்னலுக்கு வெளியே ஒரு டேங்கர் லாரி பின்னால் எடுக்கிறது. அதன் எச்சரிக்கை மணி நிற்கவில்லை.

ரெண்டரில் கேஸ் சிலிண்டர் இல்லை. துடைப்பம் இல்லை. ரேஷன் அரிசி மூட்டை இல்லை. காலண்டர் இல்லை. செருப்பு ஒரே ஒரு ஜோடி, அதுவும் புதுசு.

"இது ஃபாயர்." பெண் வாசலுக்கு உள்ளே நாலடி இடத்தைத் தொடுகிறாள். அது பெரிதாகிறது. ஒரு நீளக் கண்ணாடி, ஒரு பெஞ்சு, ஒரு செடி.

பாட்டி அசல் வாசலைத் திரும்பிப் பார்க்கிறாள். அந்த நாலடியில் ஐந்து பேரின் செருப்பும் கிடக்கிறது. தாத்தாவுடையது கவிழ்ந்து கிடக்கிறது.

"இது ஆக்சென்ட் வால்." நாலு சுவரில் ஒன்றுக்கு மட்டும் வேறு நிறம். "இது கோவ் லைட்டிங். லைட் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும்."

தாத்தா நிமிர்கிறார். "லைட்டு தெரிஞ்சா இன்னா?"

"கண்ணு கூசும் அங்கிள்."

தாத்தா கூரையைப் பார்க்கிறார். ஹோல்டரில் தொங்கும் ஒற்றை பல்பைப் பார்க்கிறார். அது எரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்.

அவருக்குக் காசிமேட்டில் படகு வேலை. முப்பத்தைந்து வருடம். இடது கைக் கட்டைவிரல் நகம் பாதிதான் வளரும்.

"ஃபால்ஸ் சீலிங் போட்டாதான் கோவ் வரும். இப்ப ஹைட் ஒன்பதரை அடி. ஆறு இன்ச் எறங்கும்."

"இருக்கிற ஒசரத்தைத் துட்டு குடுத்துக் கொறைக்கணும்?"

டிசைனர் சிரிக்கிறாள். வீட்டுக்காரி சிரிக்கவில்லை. அவள் மடியில் பால் கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதி வருகிறாள். ஒரு பக்கத்தில் இரண்டு பத்தி. இடப்பக்கம் கேட்ட சொல். வலப்பக்கம் தெரிந்த சொல். ஃபாயர் — செருப்பு விடுற எடம். கோவ் — எழுதி அடித்து, மறுபடி எழுதி, ஒளிஞ்ச லைட்டு. ஃபால்ஸ் சீலிங் — பொய்க் கூரை. ஆக்சென்ட் வால் என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

"ஜிப்சம் போர்டுல பண்ணலாம். இல்லன்னா பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்."

பாட்டி சட்டென்று பேச்சில் கலக்கிறாள். "பாரிஸ்தானே? பஸ்ஸு ஏறுனா நேரா எறக்கி உட்டுடுவான். நானே போயி வாங்கியாறேன்."

டிசைனர் அண்ணா நகரிலிருந்து வருகிறவள். அவள் பாரிஸில் ஐஃபல் கோபுரம். பாட்டியின் பாரிஸில் உயர் நீதிமன்றம், பஸ் நிலையம், பக்கத்திலேயே பூக்கடை. பாரிஸ் நகரத்து மோன்மார்த்ர் குன்றில் ஒரு காலத்தில் ஜிப்சம் வெட்டி எடுத்தார்கள். அந்தப் பொடிக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. பாரிமுனையின் பெயர் தாமஸ் பாரி என்ற வெல்ஷ் வியாபாரியுடையது. 1788-இல் மதராசுக்கு வந்தவர். இரண்டு பாரிஸுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

பாட்டி முந்தானையில் பஸ் சில்லறையைத் தேடத் தொடங்கியிருக்கிறாள்.

*

ஹை ரோட்டில் பிளைவுட் கடை. பலகைகள் புத்தகங்கள்போல் செங்குத்தாக நிற்கின்றன. எட்டுக்கு நாலு.

கல்லா மேசையில் ஒரு கண்ணாடித் தொட்டி. தண்ணீர். மீன் இல்லை. தொட்டியின் அடியில் கல் கட்டிய ஒரு பிளைவுட் துண்டு. ஒட்டிய அட்டையில், 214-ஆவது நாள். 4 மட்டும் சாக்பீஸ். மற்றவை பெயின்ட்.

"எம்ஆர், ஈரம் தாங்கும். அவ்ளோதான். பெட்ரூம் கட்டில், டிவி யூனிட்டுக்கு ஓகே," என்கிறார் கடைக்காரர். "பிடபிள்யூஆர், கொதிக்கிற தண்ணிய ஓரளவு தாங்கும். பிடபிள்யூபி, சுத்தமா தாங்கும். 72 மணி நேரம் வேகவெச்சு டெஸ்ட் பண்ணுவான். ஐஎஸ் 710. மரைன் பிளை."

கடைசிச் சொல்லில் தாத்தாவின் தலை திரும்புகிறது.

"இன்னா பிளை?"

"மரைன், ஐயா."

தாத்தா பலகையின் அருகே போகிறார். விரல் முட்டியால் தட்டுகிறார். ஒரு இடத்தில், ஒரு சாண் தள்ளி, இன்னொரு சாண் தள்ளி. காதை வைக்கிறார். பிறகு பலகையின் விளிம்புக்கு வருகிறார். அடுக்கு அடுக்காகக் கோடுகள். ஓரிடத்தில் கோடு அறுந்து ஒரு சின்ன இருட்டு. பாதி நகத்தை அதில் விடுகிறார். நகம் உள்ளே போகிறது.

கடைக்காரர் அடுத்த பலகையை இழுத்துப் போடுகிறார். ஒன்றும் பேசவில்லை.

இதன் விளிம்பில் இருட்டு இல்லை. தாத்தா பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து நிற்கிறார்.

"கடல்ல போட்டா எத்தினி வருசம் நிக்கும்?"

"கடலுக்கில்ல ஐயா, கிச்சனுக்கு."

உள்ளங்கை அங்கேயே இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து எடுக்கிறார்.

மாப்பிள்ளை எம்டிஎஃப் துண்டு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். கோடுகள் இல்லை. பிஸ்கட் மாதிரி ஒரே நிறம். மரத்தை நாராக அரைத்து, பிசின் சேர்த்து, அழுத்திச் செய்தது. வழவழப்பு. விலை குறைவு. நோட்டில் ஏறுகிறது: எம்டிஎஃப் — தண்ணி ஆவாது.

அடுத்து மைக்கா. கடையில் அதற்கு லேமினேட் என்று பெயர். கையளவுத் துண்டுகள் ஒரு வளையத்தில், சாவிக்கொத்துபோல். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு எண். தேக்கு இருக்கிறது. கருங்காலி இருக்கிறது. சலவைக்கல் இருக்கிறது. எல்லாம் 1 மில்லிமீட்டர். எல்லாம் காகிதம். பழுப்புக் காகித அடுக்குகளைப் பிசினில் நனைத்து, மேலே படம் அச்சிட்ட தாள் வைத்து, சூட்டில் அழுத்தியது. மைக்காவில் மைக்கா இல்லை. ஒரு பிராண்டின் பெயர் பொருளின் பெயராகி நின்றுவிட்டது.

"வெனீர்னா நெஜ மரம். மெலிசா சீவி ஒட்டறது."

"அப்ப அதுக்குள்ள?"

"உள்ள பிளைதான்."

தாத்தா தேக்கு மைக்காவை முகர்ந்து பார்க்கிறார். வளையத்தில் திரும்ப மாட்டுகிறார்.

*

அதே கடை. ஹார்டுவேர் கவுன்டர்.

பையன் ஒரு கைப்பிடியை வைக்கிறான். மேலே காந்தத்தை வைக்கிறான். காந்தம் வழுக்கி விழுகிறது. "பாத்தீங்களா சார். 304. ஒரிஜினல் எஸ்எஸ். கடல் காத்துக்குச் சீக்கிரம் துரு புடிக்காது."

மாப்பிள்ளை தலையாட்டுகிறான். பக்கத்துத் தட்டில் விலை குறைந்த கைப்பிடி ஒன்று. 202. அதை எடுக்கிறான். காந்தத்தை எடுக்கிறான். வைக்கிறான்.

காந்தம் வழுக்கி விழுகிறது.

பையன் காந்தத்தை டிராயருக்குள் போடுகிறான். டிராயர் மெதுவாக, மூச்சு விடுவதுபோல், தானே மூடிக்கொள்கிறது.

இரண்டிலும் காந்தம் ஒட்டாது. வித்தியாசம் நிக்கலில் இருக்கிறது. 304-இல் நூற்றுக்கு எட்டு பங்கு. 202-இல் அதைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். காந்தத்துக்கு இது தெரியாது. உப்புக் காற்றுக்குத் தெரியும்.

சிறுமி அந்த டிராயரைக் கண்டுபிடித்துவிட்டாள். இழுக்கிறாள். தள்ளுகிறாள். கடைசி இரண்டு அங்குலத்தில் அது தயங்கி, நிதானித்து, உள்ளே போகிறது. மறுபடி இழுக்கிறாள்.

"சாஃப்ட் க்ளோஸ், பாப்பா," என்கிறான் பையன்.

பாட்டி அருகில் வந்து குனிகிறாள். டிராயர் சத்தமில்லாமல் மூடுகிறது. காத்திருக்கிறாள்.

"மூடிச்சா?"

"மூடிருச்சு பாட்டி."

"சத்தமே வர்ல?"

பாட்டி கையால் தள்ளிச் சரிபார்க்கிறாள்.

*

கிச்சன் எட்டுக்கு ஏழு.

டிசைனர் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டுகிறாள். ஒடுங்கிய அறை. இரண்டு பக்கமும் அலமாரி. 1926. ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட். மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வரைந்தது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் சமையலறையைப் பார்த்து, எத்தனை எட்டு வைத்தால் வேலை முடியும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. மாடுலர் கிச்சனின் பாட்டி.

"அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ். மூணையும் சேர்த்தா ஒரு முக்கோணம் வரணும். வொர்க் ட்ரையாங்கிள்."

வீட்டுக்காரி வெற்று மேடை முன் நிற்கிறாள். இல்லாத சட்டியில் இல்லாத கரண்டியால் கிளறுகிறாள். திரும்பி இல்லாத குழாயைத் திறக்கிறாள். ஒரு எட்டு. இல்லாத ஃபிரிட்ஜிலிருந்து எதையோ எடுக்கிறாள். பிறகு நின்றுவிடுகிறாள்.

"மீன எங்க ஆயறது?"

டிசைனர் திரையைப் பார்க்கிறாள். பேஸ் யூனிட், 34 அங்குல உயரம். வால் யூனிட். டால் யூனிட். பாட்டில் புல்-அவுட். மசாலா டப்பாக்களுக்கு ஒரு தட்டு, அஞ்சறைப் பெட்டியை நீட்டி வைத்ததுபோல.

"சிங்க் பக்கத்துல சாப்பிங் போர்டு வரும்."

"அருவாமனை?"

திரையில் விரல் மேலும் கீழும் போகிறது. அருவாமனைக்கு உட்கார வேண்டும். உட்காரும் உயரத்தில் யூனிட் எதுவும் வரையப்படவில்லை.

பாட்டி அதற்குள் பின்பக்கத்து யுடிலிட்டியில் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டாள். மூன்றடிக்கு நாலரை. வாஷிங் மெஷினுக்கான குழாய் தலைக்கு மேல். தண்ணீர் போகும் ஓட்டை காலுக்குக் கீழ். முழங்காலை இப்படியும் அப்படியும் திருப்புகிறாள். எழுந்திருக்கிறாள். எதுவும் சொல்லவில்லை.

டிசைனரின் மதிப்பீட்டுத் தாளில் கிச்சனுக்கு ரன்னிங் ஃபுட் கணக்கு. நீளம் மட்டும். அலமாரிக்குச் சதுர அடிக் கணக்கு. முன்பக்கம் மட்டும். ஏழுக்கு ஏழு, 49. மேலே லாஃப்ட், ஏழுக்கு ரெண்டு, 14. லாஃப்டுக்கு எதிரே நோட்டில் பரண் என்று ஏற்கெனவே இருக்கிறது. அதை எழுத யாரையும் கேட்கவில்லை.

வீட்டுக்காரி கிச்சன் வரியில் பேனாவை நிறுத்துகிறாள். எல் வடிவம். ஒரு கை எட்டு. மறுகை ஏழு. மொத்தம் 15.

எழுந்து போய் மேடையின் மூலையில் நிற்கிறாள். ஒரு கையை இந்தச் சுவரோரம் வைக்கிறாள். இன்னொரு கையை அந்தச் சுவரோரம். இரண்டு கையும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று.

"இந்த ரெண்டடிய ரெண்டு வாட்டி எண்ணிக்கிறீங்க மேடம்."

டிசைனர் பார்க்கிறாள். 15 அழிகிறது. 13 வருகிறது.

மேடைக்கு மேலே இரண்டடி டைல்ஸ் ஒட்ட வேண்டும். தாளில் அது பேக்ஸ்பிளாஷ். டைல்ஸ் மேஸ்திரி அதை டேடோ என்கிறார். வீட்டுக்காரி அடுப்புச் சுவர் என்கிறாள். மூன்று பேரும் அதே சுவரைத் தொட்டுக் காட்டுகிறார்கள்.

*

வேலை தொடங்கி மூன்றாவது வாரம்.

வீடு முழுக்க மரத்தூள். தச்சர்கள் இரண்டு பேர், ராஜஸ்தான்காரர்கள். ஒருவருக்கு எட்டு வருடத் தமிழ். மற்றவருக்கு எட்டு நாள் தமிழ். இருவரையும் எல்லோரும் பையா என்கிறார்கள். மதியம் ரொட்டியோடு பச்சை மிளகாய் கடிக்கிறார்கள். பாட்டி கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை மரியாதையாக மூடி வைத்திருக்கிறார்கள்.

"கார்க்கஸ் ரெடி," என்கிறார் எட்டு வருடக்காரர்.

சிறுமி அம்மாவின் போனில் தேடுகிறாள். சத்தமாகப் படிக்கிறாள். "செத்த மிருகத்தின் உடல்."

எல்லோரும் கிச்சனைப் பார்க்கிறார்கள். கதவில்லாத பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன.

தாத்தா முதலில் உள்ளே போகிறார். பெட்டிக்குள் தலையை விடுகிறார். பக்கப் பலகையை உள்ளிருந்து தடவுகிறார். மூலையை அழுத்துகிறார். படகில் பலகை ஏற்றுவதற்கு முன் வங்கு நிற்கும். வளைந்த கருவேலங்கட்டைகள். விலா எலும்புகள்போல. அது சரியாக நின்றால் மீதி நிற்கும்.

தலையை வெளியே எடுக்கிறார். முடியில் மரத்தூள்.

"வங்கு," என்கிறார் மகளிடம். "எழுதிக்கோ. மேல வர்றது வெறும் மூஞ்சி."

தச்சர் ஹிஞ்ச் பெட்டியைப் பிரிக்கிறார். ஜீரோ, எட்டு, பதினாறு என்று மூன்று குவியல். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல. கழுத்து வளைவில்தான் வித்தியாசம். ஜீரோ போட்டால் கதவு பக்கப் பலகையை முழுக்க மூடும். எட்டு போட்டால் பாதி மூடும். ஒரே பலகையில் இரண்டு கதவு மாட்ட அதுதான். பதினாறு போட்டால் கதவு பெட்டிக்குள் இறங்கி உட்காரும். எட்டு நாள் தமிழ்க்காரர் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஜீரோவை முடுக்கிவிட்டார். இரண்டு கதவுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. எட்டு வருடக்காரர் இந்தியில் ஏதோ சொல்கிறார். எல்லோருக்கும் புரிகிறது.

பால்கனியில் ஒரு அட்டைப்பெட்டி ஸ்க்ரூ திறந்து கிடக்கிறது. போன வாரம் வைத்தது. மேலடுக்கு செங்காவி நிறமாகிவிட்டது. மாப்பிள்ளை ஒன்றை எடுத்து விரலில் தேய்க்கிறான். விரல் காவியாகிறது. உள்ளே போய், கடையிலிருந்து வந்த கைப்பிடிப் பொட்டலத்தைத் திருப்பி எண்ணைப் பார்க்கிறான். 304.

சிங்க் ஓரத்தில் வெள்ளைக் களிம்பு. துப்பாக்கி மாதிரி ஒன்றில் அடைத்து, விசையை அழுத்தி, கோடு இழுக்கிறார் தச்சர். பின்னாலேயே எச்சில் தொட்ட விரல் போகிறது. கோடு வழவழப்பாகிறது.

"சிலிகான் சீலன்ட்," என்கிறாள் வீட்டுக்காரி, நோட்டைப் பார்த்து.

தாத்தா குனிந்து தச்சரின் விரலைப் பார்க்கிறார். "கலப்பத்து." இரண்டு பலகைக்கு நடுவில் பஞ்சைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சிய எண்ணெய் பூசி, தண்ணீர் நுழையாமல் அடைப்பது. விரலை நீட்டுகிறார். "எங்க, ஒரு இழுப்பு நான் இழுக்கறேன்."

பையா துப்பாக்கியைக் கொடுக்கிறார். தாத்தாவின் கோடு நடுங்கித் தொடங்குகிறது. அரையடிக்குப் பிறகு நேராகிறது. அந்த அரையடி அடுப்புக்குப் பின்னால் மறைந்துவிடும்.

*

ஷட்டர் வருகிறது. கிச்சன் பெட்டிகளுக்கான கதவு. வெள்ளை. ஹை கிளாஸ். முகம் தெரிகிறது. பிளாஸ்டிக் தாள் உரிக்கும்போது படபடவென்று சத்தம்.

இரவு ஜன்னல் திறந்திருக்கிறது.

காலையில் பாட்டி ஷட்டரில் ஒற்றை விரலால் ஒரு கோடு இழுக்கிறாள். விரலைத் திருப்பிப் பார்க்கிறாள். கறுப்பு.

அவள் ராயபுரத்தில் பிறந்தவள். சின்ன வயதில் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியை உதறித்தான் எடுப்பார்கள். துறைமுகத்து நிலக்கரித் தூள். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்குவது நின்றது. கரிக் கப்பல்கள் எண்ணூருக்குப் போயின. இப்போது மகளின் வீடு எண்ணூர்ப் பக்கம்.

"வந்துட்டியா," என்கிறாள் விரலைப் பார்த்து.

டிசைனர் மாதிரி வளையத்தோடு வருகிறாள். மேட் ஃபினிஷ் காட்டுகிறாள். கிளாஸில் தூசி தெரியும், மேட்டில் அவ்வளவு தெரியாது என்கிறாள். ஒவ்வொரு துண்டாகத் தள்ளுகிறாள். ஐவரி. சாண்ட். மிஸ்ட். கடைசியில் ஒரு சாம்பல் நிறம்.

"இது ட்ரெண்டிங் ஆன்ட்டி. ஆஷ் கிரே."

பாட்டி தன் விரலை அந்தத் துண்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். இன்னும் கொஞ்சம் கறுப்பு வேண்டும்.

"இதுக்கு மேல டார்க் கீதா?"

*

பால் பொங்கி இருபது நாள்.

ஃபாயரில் பதினோரு செருப்பு. ஒன்றுக்கு ஜோடி இல்லை. நீளக் கண்ணாடி இருக்கிறது. அதன் ஆணியில் மஞ்சப்பை தொங்குகிறது. ஆக்சென்ட் வாலில் வடிவுடையம்மன் காலண்டர். கோவ் லைட் விருந்தாளி வந்தால் மட்டும் எரியும். மற்ற நேரம் ட்யூப் லைட். ஹாலில் ஃபால்ஸ் சீலிங் இல்லாத பாதியில் ஃபேன் உயரமாகச் சுற்றுகிறது. அந்தப் பாதியின் கீழ் தாத்தாவின் பாய்.

பால் கணக்கு நோட்டு ஃபிரிட்ஜின் மேல். முன்பக்கத்திலிருந்து பால் கணக்கு வருகிறது. பின்பக்கத்திலிருந்து சொற்கள் வருகின்றன. நடுவில் நாலு தாள் காலி.

சிறுமியின் தோழி வந்திருக்கிறாள். இருவரும் கிச்சன் டிராயரை இழுத்து விடுகிறார்கள். தயங்கி, நிதானித்து, உள்ளே போகிறது.

"இன்னா பேரு இதுக்கு?"

"சும்மா மூடி," என்கிறாள் சிறுமி.

ஞாயிற்றுக்கிழமை. தாத்தா விடியலில் காசிமேடு போய்வந்துவிட்டார். பையில் வஞ்சிரம் இல்லை. விலை அதிகம். காரப்பொடி, கொஞ்சம் சங்கரா.

சிம்னி ஓடத் தயாராக இருக்கிறது. குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகிறது. டக்ட் இல்லாத சிம்னி காற்றைக் கரியில் வடிகட்டித் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடும் என்று தெரிந்த அன்றே அது வேண்டாமென்று முடிவானது. மீன் வறுக்கிற வீடு.

பாட்டி யுடிலிட்டிக்குள் போகிறாள். அடியில் ஒரு பலகையைப் போடுகிறாள். அடிக்கு ஒன்றரை அடி. பேஸ் யூனிட் அறுத்ததில் மிஞ்சியது. தச்சர்கள் தூக்கிப் போட வைத்திருந்த குவியலிலிருந்து தாத்தா எடுத்து, நாலு ஓரமும் இழைத்து, விளிம்பில் சிலிகான் தடவிக் கொடுத்தது. மேலே அருவாமனை. ஒரு காலை மடக்கி, மற்றொரு காலால் அதை அழுத்திக்கொள்கிறாள்.

குழாயைத் திறக்கிறாள். தண்ணீர் பலகை மேல் ஓடுகிறது. சங்கராவின் வால் போகிறது. செதில் தெறிக்கிறது.

தாத்தா வாசற்படியில் குந்தியிருக்கிறார். மீனைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்க்கிறார்.

ஓரத்தில் நீல முத்திரை. ஐஎஸ் 710. பூஜ்யத்தின் மேல் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது.

"இன்னிக்கு எத்தினாவது நாளு?" என்கிறார்.

பாட்டி அடுத்த மீனை எடுக்கிறாள்.